மூன்று துண்டுப் படகு

தொல்காப்பியம் அகத்திணையியலில், கடல்வழிப் பயணம் பெண்ணோடு சேர்ந்து நிகழ்வதில்லை என்று பொருள்படும் ஒரு நூற்பா உண்டு. நான்கே சொற்கள்தாம். உரைகாரர்கள் அதற்கு வெவ்வேறு விளக்கம் சொல்வார்கள். பதினாறு ஆண்டுகளாக அந்த விளக்கங்களை எல்லாம் கரும்பலகையில் எழுதிப்போட்டு நடத்தி வருகிறேன். ஒருநாள் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். புளியங்குடிப் பக்கம், எலுமிச்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளை.

"மேடம், பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போகக் கூடாதுன்னுதான இருக்கு? அவளே தனியாப் போனா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "தேர்வுக்கு அந்தக் கேள்வி வராது, உட்காரு" என்று சொல்லிவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வரும் பேருந்தில்தான் வெட்கமாக இருந்தது. என்னிடம் பதில் இல்லை என்பதற்காக அவளை உட்கார வைத்திருக்கிறேன்.

ராயகிரியில் இருப்பவளுக்குக் கடலோடு என்ன பேச்சு என்று கேட்கலாம். மேற்கே பார்த்தால் மலை. கிழக்கே கடலுக்குப் போக வேண்டுமென்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல் கரிசலையும் வேலிக்கருவையையும் தாண்ட வேண்டும். எங்களுக்குத் தண்ணீர் என்றால் குளம், அதைவிட்டால் கிணறு. ஐப்பசி கார்த்திகையில் குளம் நிறையும், சில வருடம் மறுகால் பாயும், சித்திரையில் வெடித்துக் கிடக்கும். அவ்வளவுதான் எங்கள் நீரியல்.

கிணற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது சித்தியை எங்கள் தோட்டக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். கயிற்றுக்கட்டிலை நாலு மூலையிலும் கட்டி இறக்கித் தூக்கினார்கள். ஏன் விழுந்தாள் என்று யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து வீட்டுப் பெண்பிள்ளைகள் கிணற்றுப் பக்கம் போகக் கூடாது என்று ஆயிற்று. ஆறே மாதத்தில், அதே கிணற்றில், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு என் அண்ணன் நீச்சல் பழகினான். தோட்டத்து வரப்பில் நின்று அவன் குதிக்கும் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். ஒரே தண்ணீர். அவனுக்கு விளையாட்டு; எங்களுக்கு அது பெண்கள் சாகும் இடம். எங்கள் பக்கத்து ஊர்களில் எந்தப் பெண்ணிடமும் கேட்டுப் பாருங்கள், அவள் குடும்பத்தில் ஒரு கிணறு இருக்கும்.

நீச்சலை நாற்பத்தொன்றாம் வயதில், திருநெல்வேலியில் சம்பளம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். அதற்கு அடுத்த ஆண்டு, 2022 மே விடுமுறையில், படகு கட்டத் தொடங்கினேன்.

கயாக் என்கிற அந்தப் படகை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஒடுங்கி நீண்டு, நடுவில் ஒரு ஆள் உட்காரும் வாய், இரண்டு பக்கமும் தட்டையுள்ள ஒரே துடுப்பு. ஆர்க்டிக் பகுதி இனுயிட் மக்களுடையது. மரச்சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்திக் கட்டுவார்கள். சட்டம் ஆணின் கையளவு, இடுப்பளவு பார்த்துச் செய்யப்படும். அவன் அதில் வேட்டைக்குப் போவான். தோலைத் தைப்பது பெண்கள். ஊசி தோலின் மறுபக்கம் வரை போகாமல், பாதிக் கனத்தில் ஓட்டித் தைப்பார்கள். துளை இல்லாததால் தண்ணீர் புகாது. ஒரு தையல் பிசகினால் உள்ளே இருப்பவன் திரும்பி வரமாட்டான். பெண்களும் குழந்தைகளும் சாமான்களும் போவதற்கு உமியாக் என்று அகலமான வேறொரு படகு இருந்தது. கிரீன்லாந்துக்குப் போன ஐரோப்பியர்கள் அதைப் பெண்கள் படகு என்றே அழைத்தார்கள். கயாக்கைத் தைத்தவளும் உமியாக்கில்தான் போனாள். இதைப் படித்தபோது அந்த மாணவியின் கேள்வி மறுபடியும் எழுந்து நின்றது.

முழுப் படகு எனக்குச் சரிப்படாது. பதினான்கு அடி நீளத்தை எங்கள் தெருமுக்கில் திருப்பவே முடியாது. திருப்பினாலும் வைக்க இடம் வேண்டும். கூடத்தில் வைத்தால் வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்பார்கள். அண்ணன் வாங்கிய பழைய டிராக்டர் பன்னிரண்டு வருடமாக ஓடாமல் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. நான் வைத்துக்கொள்வது எதுவாக இருந்தாலும் கட்டிலுக்கு அடியில் போக வேண்டும், பரணில் ஏற வேண்டும், விருந்தாள் வந்தால் கண்ணில் படக் கூடாது. என் முனைவர் பட்ட ஆய்வேட்டைக்கூட அரிசிப் பானைக்கு மேலே வைத்துத்தான் எழுதினேன். ஆகவே மூன்றாகப் பிரிகிற படகு. அப்படிப் பிரித்தால் வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு எங்கேயும் போகலாம்.

பிரிக்கிற படகு நமக்குப் புதிதில்லை. கட்டுமரம் என்ற பெயரிலேயே கட்டும் இருக்கிறது, அவிழ்ப்பதும் இருக்கிறது. சோழமண்டலக் கரையில், கடலிலிருந்து திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து, தண்ணீர் குடித்துக் கனத்த மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார்கள். மறுநாள் மறுபடி கட்டுவார்கள். டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697இல் அச்சான தன் பயண நூலில் இந்தச் சொல்லை எழுதினார். இன்று உலகம் முழுவதும் இரண்டு உடல் கொண்ட சொகுசுப் படகுகளுக்கெல்லாம் அதுதான் பெயர். மேற்கில் பிரித்து மடிக்கும் கயாக் 1905 வாக்கில் ஜெர்மனியில் வந்தது. ரயிலில் எடுத்துப்போவதற்காகச் செய்தது. அப்படி ஒரு மடக்குப் படகில் ஓஸ்கார் ஸ்பெக் என்பவர் 1932இல் ஜெர்மனியிலிருந்து புறப்பட்டு, நம் இந்தியக் கரையோரமாகவும் போய், 1939இல் ஆஸ்திரேலியப் பகுதியை அடைந்தார். எனக்கு ஸ்பெக்கைவிட ஹவாயில் வாழ்ந்த ஆட்ரி சதர்லாந்தைப் பிடிக்கும். தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவர். அறுபது வயதை ஒட்டி, காற்றடித்து மடிக்கக்கூடிய ஒரு சிறிய படகைப் பையில் கட்டிக்கொண்டு அலாஸ்காவுக்குப் போய்த் தனியாகத் துடுப்புப் போட்டார். பையில் அடங்கியதால்தானே போக முடிந்தது.

நான் எடுத்துக்கொண்டது தைத்து ஒட்டும் முறை. 1960களில் இங்கிலாந்தில் பரவியது. மெல்லிய ஒட்டுப்பலகையை வளைவு வளைவாக வெட்டி, ஓரங்களில் துளையிட்டு, செப்புக் கம்பியால் தைப்பது. பிறகு மூட்டுகளில் கண்ணாடி இழை நாடாவை ரெசினால் ஒட்டி, கம்பியை அறுத்துவிட்டு, உள்ளும் புறமும் கண்ணாடித் துணியைப் போர்த்தி ரெசின் பூசுவது. காய்ந்தபின் அது பலகைப் படகு இல்லை, நடுவில் பலகை வைத்த ஃபைபர் படகு. சென்னைக் கரையில் அலையைக் கடக்க ஓட்டிய மசூலாப் படகும் ஆணியில்லாமல் தென்னங்கயிற்றால் தைத்ததுதான்.

நாலு மில்லிமீட்டர் பலகையும் ரெசினும் கண்ணாடித் துணியும் மதுரையில் வாங்கினேன். செப்புக் கம்பிக்கு அலையவே வேண்டியதில்லை. கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில், எரிந்துபோன மோட்டாரிலிருந்து உருவிய கம்பியை எடைக்குக் கொடுத்தார்கள். எல்லாம் சேர்ந்து முப்பத்தோராயிரம் ரூபாய். ஒரு பவுனுக்கும் குறைவு. பவுன் வாங்கியிருந்தால் யாரும் கணக்குக் கேட்டிருக்க மாட்டார்கள்.

வரைபடத்தைச் சார்ட் தாளில் பெரிதாக்கிக் கூடத்தில் விரித்தேன். எனக்குப் புரியவே இல்லை. தட்டைப் பலகை எப்படிப் படகின் வயிறாக வளையும்? அம்மா புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருடம் தெருவுக்கே ஜாக்கெட் தைத்தவள். எழுந்து வந்து தாளின்மேல் குனிந்தாள்.

"இது ஜாக்கெட்டுல டாட் புடிக்க மாதிரிலா இருக்கு. ரெண்டு ஓரத்தையும் சேத்துத் தச்சா நடுவுல உப்பும். இந்த ஓரத்த வளச்சு வெட்டுனா அந்தப் பக்கம் தூக்கும்."

அவ்வளவுதான். அந்த நிமிடத்திலிருந்து வெட்டுக் கோடு போட்டது அம்மா. அளவு குறிக்கத் துணிக்கட்டியை எடுத்தாள். ஒரு விரல் தள்ளிக் குறித்துவிட்டு "தையலுக்கு விட வேண்டாமா?" என்று கேட்டாள். பலகைக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு நாளில் அறுநூறு கம்பித் தையல் போட்டு முறுக்கினோம். பலகை எழுந்து நின்றது. அம்மா தள்ளி நின்று பார்த்தாள். "கை வைக்காத ஜாக்கெட்டு" என்றாள்.

ரெசினைப் பற்றி அவ்வளவு இனிமையாகச் சொல்ல முடியாது. நான் வாங்கியது நூறு கிராமுக்குப் பத்து கிராம் ஹார்டனர். கூடினாலும் குறைந்தாலும் கெடும், அதனால் சமையலறைத் தராசில் நிறுத்தோம். மே மாத ராயகிரியில் மதியம் கலக்கக் கூடாது என்பது முதல் நாளே தெரிந்துபோயிற்று. குவளையில் கலக்கி ஓரத்தைத் துடைப்பதற்குள் சூடேறிப் புகைந்தது. வாசலில் வீசினேன். பிளாஸ்டிக் குவளை உருகி மண்ணோடு கல்லாக ஒட்டிக்கொண்டது, இன்னும் இருக்கிறது. அதன்பிறகு காலை நாலரைக்கு எழுந்து, வெயில் ஏறுமுன் சின்னச் சின்னக் கலவையாகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றி வேலை செய்தோம். ஆழமான பாத்திரத்தில் இருந்தால்தான் சூடு தங்கும். மூட்டுக்கு மரத்தூள் சேர்த்த பசை வேண்டும். புத்தகத்தில் அதன் பதத்துக்கு என்னென்னவோ உவமை. அம்மா கரண்டியால் தூக்கிப் பார்த்து, "வடை மாவு. இன்னுங் கொஞ்சம் தூள் போடு" என்று முடித்துவிட்டாள்.

கண்ணாடித் துணி பார்க்கப் பட்டுப்போல இருக்கும். வெட்டும்போதும் தேய்க்கும்போதும் உதிரும் தூள் தோலில் ஏறினால் இரண்டு நாள் தூக்கம் போகும். முழுக்கைச் சட்டை, கையுறை, நல்ல முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். வெந்நீரில் குளித்தால் இன்னும் உள்ளே போகும்போல இருந்தது. பச்சைத் தண்ணீர்தான் கேட்டது.

பக்கத்து வீட்டு மைனி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "யாருக்கு இந்தப் பெட்டி?" என்று கேட்டாள். கவிழ்த்துப் போட்ட படகு சவப்பெட்டிபோலத்தான் இருந்தது. அம்மா சட்டென்று உள்ளே போய்விட்டாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அவள் தங்கையை இறக்கிவைத்த கட்டில் கிடந்தது அதே முற்றத்தில்தான். நானும் அதை மறந்தவளில்லை. வேறு இடம் இல்லை, அதனால் அங்கே கட்டினேன்.

மூன்று துண்டாக்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தனித்தனியாகச் செய்து பிறகு சேர்த்தால் கோடு பிசகும். முழுப் படகாகவே கட்ட வேண்டும். பிரிய வேண்டிய இடத்தில் இரண்டு தடுப்புச் சுவர்களை, நடுவே அட்டை செருகி, நாலு மில்லிமீட்டர் இடைவெளியில் ஒட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்தே போல்ட் துளை போட்டுவிட வேண்டும். எல்லாம் காய்ந்து, தேய்த்து, முழுமையாகி நிற்கும்போது, அந்த இடைவெளியில் ரம்பத்தை விட்டு அறுக்க வேண்டும்.

அறுப்பதற்கு ஆசாரி அண்ணனைக் கூப்பிட்டிருந்தேன். அவர் படகைச் சுற்றி வந்தார். தடவிப் பார்த்தார். ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"முழுசா நிக்கத போயி அறுக்கச் சொல்லுதியளே டீச்சர். இதுக்கு எங்கை வராது."

காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார். அரம் பிளேடு ஒன்றில் துணியைச் சுற்றிக்கொண்டு நான் உட்கார்ந்தேன். பென்சில் கோடு சரியாக இடைவெளிக்கு மேல்தான் இருக்கிறதா என்று நாலு முறை அளந்தேன். ஒரு விரல் விலகினால் தடுப்புச் சுவர் போய்விடும், ஒரு மாத வேலை போய்விடும். கண்ணாடியை அறுக்கும் சத்தம் பல்லைக் கூச வைத்தது. முதல் கால் மணி நேரம் என் கை நடுங்கியது. பிறகு பிளேடு நுனியில் அட்டைத் துணுக்கு வந்தது. பழுப்பாக, ஈரமில்லாமல். சரியான இடத்தில்தான் போகிறது. நாலு மணிக்குத் தொடங்கி விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்துண்டு கழன்று அம்மா மடியில் விழுந்தது. மறுநாள் பின்துண்டு. முழுசாகக் கிடந்தபோது அதைத் தூக்க மூன்று பேர் தேவைப்பட்டது. இப்போது ஒவ்வொன்றையும் நானே தூக்கினேன்.

மூட்டுக்கு எட்டு துருப்பிடிக்காத போல்ட். இடையில் வைக்கப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வாஷர். ஜூன் பத்தாம் தேதி எல்லாம் முடிந்தது.

குளத்தில் தண்ணீர் இல்லை.

இதை நான் யோசிக்காமல் இல்லை. ஆனாலும் ஐந்து மாதம் என்பது யோசிக்கும்போது இருப்பதைவிட நீளமானது. வெடித்த குளத்துக்கு நடுவே ஆடு மேய்ந்தது. நடுத்துண்டு கட்டிலுக்கு அடியில், மற்ற இரண்டும் பரணில். ஆவணியில் ஒருநாள் துடைக்கலாம் என்று இழுத்தால் நடுத்துண்டு கனத்தது. உள்ளே உப்புப் போட்டுப் பிசைந்த புளி, மூன்று தூக்கு. "எலி வராத எடம் இந்த வீட்டுல இது ஒண்ணுதாம்" என்றாள் அம்மா.

அந்தக் காத்திருப்பில் ஆதிமந்தியைத் திரும்பப் படித்தேன். குறுந்தொகையில் அவள் பெயரில் ஒரு பாட்டு இருக்கிறது. விழா நடக்கும் இடங்களில் எல்லாம் அவனைத் தேடிக் காணாத பெண்ணின் குரல். கணவனைக் காவிரி கொண்டுபோனது என்றும், கரிகாலன் மகளான இவள் வெள்ளத்தின் பின்னாலேயே போனாள் என்றும், கடல்தான் அவனைத் திருப்பிக் காட்டியது என்றும் சிலப்பதிகாரம் சொல்லும். வகுப்பில் இதைக் கற்புக் கதையாக நடத்துவது வழக்கம். எனக்கு இந்த முறை வேறொன்று தோன்றியது. துறைமுகமும் கலங்களும் கொண்ட ராஜாவின் மகள், ஆற்றின் பின்னால் போகிறாள். ஒரு ஓடத்தைத் தள்ளிக்கொண்டு போக அவளுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை என்றுதான் நான் படித்துக்கொள்கிறேன்.

கார்த்திகையில் குளம் நிறைந்தது. மூன்று துண்டையும் லோடு ஆட்டோவில் ஏற்றி மடைப்பக்கம் இறக்கினோம். மீன் குத்தகைக்காரரிடம் முன்பே கேட்டிருந்தேன். வலைக்குப் பக்கம் வராமல் போனால் சரி என்றார். போல்ட் முடுக்கப் பதினைந்து நிமிடம். மிதவைச் சட்டை போட்டுக்கொண்டேன். அம்மா ஒரு நிபந்தனை வைத்தாள். தோட்டக் கிணற்றில் வாளி இறைத்த பழைய வடத்தைக் கொண்டுவந்திருந்தாள். ஒரு நுனியைப் படகின் வாலில் தானே கட்டினாள். மறு நுனி அவள் கையில்.

உட்கார்ந்ததும் படகு ஆடியது. இடுப்பு ஆடாமல் இருந்தால் அதுவும் ஆடாது என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. துடுப்பை வலதில் ஒன்று, இடதில் ஒன்று. கரை பின்னால் போனது. தண்ணீருக்கு அவ்வளவு பக்கத்தில், நனையாமல், அதுவரை நான் உட்கார்ந்ததில்லை. நீர்க்காக்கை ஒன்று பறக்காமல் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தது.

இழுவை கனத்ததும் கயிறு முடிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பினேன். அம்மா கயிற்றை விடவில்லை. இழுக்கவும் இல்லை. புடவையோடு தண்ணீருக்குள் நடந்து வந்துகொண்டிருந்தாள். அறுபத்தெட்டு வயதில், முதல் முறையாக, இடுப்பளவு. மடைக்கல்லில் நின்ற பையன்கள் கத்தினார்கள். "நீ போட்டி, எனக்கு இன்னும் ஆழம் வரல" என்றாள். நான்தான் பயந்து திரும்பி வந்தேன்.

மாசியில் புன்னைக்காயலுக்குப் போனேன். தாமிரபரணி கடலில் சேரும் இடம். வாடகைக் காருக்குள் இரண்டு துண்டு, மேலே ஒரு துண்டு. கழிமுகத்தில் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தபோது மீன்கூடையோடு போன ஓர் ஆச்சி நின்று பார்த்தார். "ஒத்தையிலயா போற?" ஆமாம் என்றேன். "நாங்க கரையிலயே நின்னுட்டோம்" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையெங்கும் ஃபைபர் படகுகள் வந்து கட்டுமரங்கள் குறைந்துபோயின. மரம் மாறியது, மோட்டார் வந்தது. யார் ஏறுவது, யார் கரையில் கூடையோடு நிற்பது என்பது மட்டும் பெரிதாக மாறவில்லை.

கடலுக்குள் போகவில்லை. அலை உடையும் சத்தம் கேட்கிற இடத்தில், காற்று எதிராகத் திரும்பியதும் நானும் திரும்பிவிட்டேன். அதற்கு மேல் எனக்கு இன்னும் பழக்கம் போதாது. கரையில் எடுத்த படத்தை அந்த மாணவிக்கு அனுப்பினேன். அவள் இப்போது ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள். "தேர்வுக்கு வருமா மேடம்?" என்று பதில் வந்தது.

வீட்டுக்கு வந்து பிரித்தபோது முன்துண்டுக்குள் அரை லிட்டர் உப்புத்தண்ணீர். எங்கோ ஊசித்துளை. மூட்டுகளைத் தடவினேன், சோப்பு நுரை பூசிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ராத்திரி அம்மா கரண்ட்டை அணைக்கச் சொன்னாள். டார்ச்சை எரியவிட்டு முன்துண்டுக்குள் வைத்து, வாயைப் போர்வையால் மூடினாள். ஓட்டைக் குடத்தை அப்படித்தான் பார்ப்பார்களாம். இருட்டில் படகின் வயிற்றோரமாக விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனாள். அவளுடைய சுண்டுவிரல் நகத்தின்மேல் ஒரு பொட்டு வெளிச்சம் விழுந்தது.

"இந்தா இருக்கு. துணிக்கட்டிய எடு."